பின்னறைத் தளம்

அக்டோபர் 14, திங்கள்

மழை தொடங்கிவிட்டது. பின்னறையில் மூன்று இடத்தில் ஒழுகுகிறது. போன வருடம் இரண்டு. கட்டிலுக்கு மேலே ஒன்று, ஜன்னல் ஓரம் ஒன்று, பரணுக்கு மேலே புதிதாக ஒன்று. கட்டில் மீது குளிக்கிற வாளியை வைத்தேன். ஜன்னல் ஓரம் இட்லிப் பானை. அது இப்போது சும்மாதான் இருக்கிறது. பரணுக்கு ஒன்றும் வைக்கவில்லை. ஏணி எடுக்கத் தோன்றவில்லை.

இந்த டைரி உப்புக் கம்பெனியில் எனக்குக் கடைசியாகக் கொடுத்தது. பன்னிரண்டு வருடப் பழசு. கிழமைகளை அடித்து எழுதிக்கொள்கிறேன். தளத்தை ஒட்டுப்போடுவதா, இடித்துப் புதிதாகப் போடுவதா என்று முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. எதையும் எழுதி வைத்தால்தான் பின்னால் யாரும் மாற்றிப் பேச முடியாது. அதனால் எழுதுகிறேன்.

இந்தத் தளத்தைப் போட்டவன் லிங்கதுரை. என் மனைவி சொர்ணக்கனியின் தம்பி. கொத்தனார். 1996இல் போட்டான். ஆறே வருடத்தில் விரிசல் விட்டது. சிமெண்டைக் குறைத்துவிட்டான், வேறு காரணம் கிடையாது. என் பங்குக்கு நான், தளம் இறுகட்டும் என்று, இருபத்தோரு நாள் மேலே பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தினேன். ஒரு நாள்கூடக் காயவிடவில்லை.

இருபத்திரண்டு வருடமாக அவனை வாசல் ஏற்றவில்லை.

அக்டோபர் 15, செவ்வாய்

கிணற்று மோட்டார் தண்ணீர் எடுக்கவில்லை. கழற்றிப் பார்த்தேன். உள்ளே சுற்றுகிற இம்பெல்லர் அரித்துப் போயிருக்கிறது. போன வருடம்தான் மாற்றினேன். இப்போது வருகிற சாமானெல்லாம் மோசம்.

உப்பளத்தில் முப்பத்தாறு வருடம் பம்ப் ஓட்டியவன் நான். எட்டாம் வகுப்போடு நின்றேன். மோட்டாருக்குக் காயில் கட்ட யாரும் சொல்லித் தரவில்லை. கெட்டுப்போன மோட்டார்களைப் பிரித்துப் பிரித்து நானே கற்றுக்கொண்டேன். இந்தக் கிணற்றுக்கு இடம் பார்த்ததும் நான்தான். இரண்டு ஆட்களோடு இறங்கித் தோண்டியதும் நான்தான். இருபத்திரண்டு அடி. இந்தத் தெருவில் அடிகுழாய் வரிசையில் நிற்காத வீடு இது ஒன்றுதான்.

குடிக்கவும் சமைக்கவும் மட்டும் கேன் தண்ணீர். அது சொர்ணத்தின் பிடிவாதம். கேன் வராத காலத்தில் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நாலாவது தெருவுக்குப் போவாள். நான் எதற்கென்று கேட்டதில்லை. கேன்காரன் இன்று வந்தான். வாரம் மூன்று இறக்குவான். ஒன்று போதும் என்றேன்.

அக்டோபர் 17, வியாழன்

மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பின்னறையில் சத்தம். போய்ப் பார்த்தால் முறம் அளவுக்குக் காரை பெயர்ந்து கட்டிலில் விழுந்து கிடக்கிறது. வாளி கவிழ்ந்திருந்தது. மேலே மூன்று கம்பிகள் தெரிகின்றன. துரு இலை இலையாக உரிகிறது. கட்டிலில் யாரும் இல்லை. திரும்பி வந்து மீதிச் சோற்றைச் சாப்பிட்டேன்.

கோயம்புத்தூருக்கு, மகள் முத்துச்செல்விக்கு, போன் செய்தேன்.

"இடிச்சிட்டுப் புதுசா போட்டிருங்கப்பா."

"எதுக்கு இடிக்கணும்? ஒட்டுப்போட்டா நிக்கும்."

"அம்மா மேல விழுந்தப்பவும் இதத்தான் சொன்னிய."

"மேல விழல. பக்கத்துல விழுந்துச்சு."

"சரி. பக்கத்துல." பிறகு, "மாமாவ ஒரு தடவ வந்து பாக்கச் சொன்னா என்னப்பா?" என்றாள்.

போனை வைத்துவிட்டேன்.

அக்டோபர் 19, சனி

வெயில் அடித்தது. கடையில் வெள்ளைப் பூச்சு ஒரு டப்பா வாங்கி வந்து மாடியில் இரண்டு முறை பூசினேன். டப்பாவில் போட்டிருப்பதை முழுதும் படித்துவிட்டுத்தான் செய்தேன். முட்டி வலித்தது.

எதிர்வீட்டு சேவியர் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வாய் சும்மா இருக்காது.

"மாடிக்குப் பவுடர் போடுதியளா அண்ணாச்சி? பொண்ணு பாக்க வாராகளா?"

"இது வாட்டர் ப்ரூஃப். உமக்குத் தெரியாது."

"எனக்கென்ன தெரியும். எறங்கும்போது சொல்லுங்க, ஏணியப் பிடிக்கேன்."

"வேண்டாம்."

இறங்கும்போது பிடித்துக்கொண்டுதான் இருந்தார்.

அக்டோபர் 20, ஞாயிறு

மழை இல்லை. சோறு வடித்தேன். மோர்.

அக்டோபர் 24, வியாழன்

நேற்று மாலையிலிருந்து மழை. பூச்சு பூசியும் ஒழுகுகிறது. இப்போது நாலு இடம். முத்துச்செல்வி ஒரு என்ஜினியரை அனுப்புகிறேன் என்கிறாள். வேண்டாம் என்றேன். ஏற்கெனவே சொல்லிவிட்டாளாம்.

கேஸ் சிலிண்டரை ஆட்டிப் பார்த்தேன். இன்னும் இருக்கிறது. அவள் இருக்கும்போது மாற்றியது.

அக்டோபர் 28, திங்கள்

என்ஜினியர் வந்தது. ஒரு பெண். பெயர் பிரின்சி. ஸ்கூட்டியில் ஹெல்மெட்டோடு வந்து இறங்கி, "அங்கிள், தளம் பாக்கணும்" என்றாள்.

"நான் யாருக்கும் அங்கிள் இல்ல."

"அப்ப தாத்தான்னு கூப்பிடவா?"

அங்கிளே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

சின்னச் சுத்தியலால் தளம் முழுக்கத் தட்டிக்கொண்டே போனாள். சில இடத்தில் கணீரென்று கேட்டது. பல இடத்தில் பொத்பொத்தென்று கேட்டது. பொத்தென்ற இடத்தையெல்லாம் சாக்பீஸால் வட்டம் போட்டாள். போகப் போக வட்டங்கள் ஒன்றோடொன்று சேர்ந்துவிட்டன.

"யார் போட்ட தளம் அங்கிள்?"

"லிங்கதுரைன்னு ஒருத்தன்."

"தெரிஞ்சவரா?"

"தெரிஞ்சவன்தான்."

ஐந்து இடத்தில் துளை போட்டாள். மேலே வந்த தூளை ஒரு பொட்டலம், நடுவில் வந்ததை ஒரு பொட்டலம், ஆழத்தில் வந்ததை ஒரு பொட்டலம் என்று தனித்தனியாகக் கட்டிப் பெயர் எழுதினாள். வேலை சுத்தமாக இருந்தது. அதைச் சொல்ல வேண்டும். பெயர்ந்த இடத்தில் ஒரு மருந்தைத் தெளித்தாள். வெள்ளையாகப் பூத்தது.

"தளம் போட எந்தத் தண்ணி எடுத்தீங்க?"

"நல்ல தண்ணிதான்."

கை கழுவக் கொல்லைக் குழாய்க்குப் போனாள். சோப்பைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். நுரை வரவில்லை. என்னைப் பார்த்தாள், குழாயைப் பார்த்தாள், கையைத் துடைத்துக்கொண்டாள். டீ போட்டுக் கொடுத்தேன். கேன் தண்ணீரில்தான்.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. இந்த வருடம் நமக்கு இல்லை. சேவியர் வீட்டிலிருந்து தோசை வந்தது.

நவம்பர் 4, திங்கள்

பிரின்சி வந்து ரிசல்ட் கொடுத்தாள். இரண்டு தாள். ஆங்கிலம். நான் படித்துக்கொள்வேன் என்றேன். இருந்தாலும் உட்கார்ந்து சொல்லிவிட்டுத்தான் போனாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

சிமெண்ட் குறையவில்லை. "நல்லாவே போட்டிருக்காங்க அங்கிள். அந்தக் காலத்துக்கு இது ரொம்ப நல்ல கலவை." கம்பியும் சரியான கம்பி, சரியான இடைவெளி. உப்புதான் காரணம். கம்பியை உப்பு தின்றிருக்கிறது. அன்றைக்கு மருந்து தெளித்ததும் வெள்ளையாகப் பூத்தது அதனால்தானாம்.

கடல் இங்கிருந்து இரண்டு கிலோமீட்டர், இந்த ஊர்க் காற்றே உப்பு என்றேன்.

"காத்துல வர்ற உப்பு மேலாப்புல நிறைய இருக்கும், உள்ள போகப் போகக் குறையும். இதுல மேலயும் நடுவுலயும் அடியிலயும் ஒரே அளவு. கலக்கும்போதே உள்ள போயிருக்கு."

"மணல்ல இருந்திருக்கும்."

"இருக்கலாம். மணல் எங்க எடுத்தீங்க?"

ஆற்று மணல். ஸ்ரீவைகுண்டத்திலிருந்து லாரியில் வந்தது. நான்தான் போய் நின்று ஏற்றினேன். அதை அவளிடம் சொல்லவில்லை.

ஒட்டுப்போட்டால் நிற்காது என்கிறாள். பெயர்ந்த இடத்தைச் சரி செய்தால் பக்கத்து இடம் பெயருமாம். தளம் முழுக்க இடிக்க வேண்டும். அதுவரை பின்னறையில் படுக்கக் கூடாது. நான் அங்கே படுப்பதில்லை என்றேன்.

அவளுக்கு இருபத்தாறு வயது இருக்கும். இருபத்தாறு வயதில் எல்லாருக்கும் எல்லாம் தெரியும். தாள்களை மின்சார அட்டையோடு வைத்தேன். ஒட்டுத்தான் போடப் போகிறேன்.

நவம்பர் 6, புதன்

ஒட்டுப்போட வேண்டுமென்றால் பின்னறையைக் காலி செய்ய வேண்டும். ஏணி எடுத்துப் பரணில் ஏறினேன். பித்தளைப் பானை இரண்டு, முத்துச்செல்வியின் பள்ளிப் புத்தகங்கள், என் பழைய டைரிகள் ஒரு கட்டு. ஓரத்தில் ஜவுளிக்கடைப் பை. அதன் மேல்தான் ஒழுகியிருக்கிறது.

அந்தப் பை என்ன என்பதையும் எழுத வேண்டும்.

சொர்ணம் ஆடி ஒன்பதாம் தேதி போனாள். ஒரு பெண் போனால் அவளுடைய பிறந்த வீட்டிலிருந்து கோடிச் சேலை வர வேண்டும். அதைப் போர்த்தித்தான் அனுப்புவார்கள். அப்பா அம்மா இல்லாவிட்டால் உடன்பிறந்தவன் கொண்டுவருவான். லிங்கதுரை கொண்டுவந்தான். கேட்டுக்கு வெளியே பையோடு நின்றான். உள்ளே வரக் கூடாது என்று நான் சொன்னேன். பெரியவர்கள் இரண்டு பேர் என்னிடம் பேசிப் பார்த்தார்கள். இன்றைக்கு ஒரு நாள் விடு என்றார்கள். விடவில்லை. அவன் சேவியர் வீட்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்தான். பையைச் சேவியர்தான் உள்ளே கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். நான் பரணில் வைத்தேன். முத்துச்செல்வி எடுத்த சேலையைப் போர்த்தினோம். லிங்கதுரை சுடுகாட்டுக்கும் வந்தான். தள்ளி நின்றான்.

இலைப்பச்சைச் சேலை. அரக்குக் கரை. மடிப்பு கலையவில்லை. நடுவில் துருத் தண்ணீர் இறங்கி, தோசைக் கல் அளவுக்குக் கறை.

கொல்லையில் வைத்துச் சோப்புப் போட்டேன். நுரை வரவில்லை. கேன் தண்ணீரை வாளியில் ஊற்றி மறுபடி துவைத்தேன். அப்போது நுரைத்தது. கறை போகவில்லை. நிழலில் காயப் போட்டிருக்கிறேன்.

குடிக்கத் தண்ணீர் இல்லை. கேன்காரன் வெள்ளிக்கிழமைதான் வருவான். சேவியர் வீட்டில் ஒரு குடம் வாங்கினேன். "கேன் என்னாச்சு அண்ணாச்சி?" என்றார். கொட்டிவிட்டது என்றேன். கொடியில் காய்ந்த சேலையை அவர் பார்த்திருப்பார்.

நவம்பர் 9, சனி

பழைய டைரிக் கட்டில் 1996 இருந்தது. இருக்கும் என்று தெரியும். பிரித்தேன். மே 12, ஞாயிறு. என் கையெழுத்துதான். இப்போதைவிடத் திருத்தமாக இருக்கிறது. அப்படியே எழுதுகிறேன்.

"தளம் போட்டாயிற்று. பதினெட்டு ஆட்கள். காலையில் வேலை தொடங்கும் முன் லி. ஒரு டம்ளர் கிணற்றுத் தண்ணீரை வாயில் வைத்துத் துப்பினான். அத்தான் இது ஆகாது, லாரித் தண்ணீர் சொல்லுவோம், ஒரு நாள் தள்ளிப் போடுவோம் என்றான். நான் தோண்டிய கிணறு. பதினெட்டுப் பேர் முன்னால் துப்பினான். கொத்தனாருக்குக் கரண்டி வேலை மட்டும் போதும் என்று சொல்லி மோட்டாரைப் போட்டேன். மாலை நாலு மணிக்கு முடிந்தது. சொ. எல்லாருக்கும் மோர் கொடுத்தாள். மோருக்கு நாலாவது தெருத் தண்ணீர்."

மே 20இல் ஒரு வரி: "மாடிப் பாத்தி ஓரத்தில் தண்ணீர் வற்றிய இடத்தில் வெள்ளையாகப் படிந்திருக்கிறது. சுண்ணாம்பு."

அப்போது நான் உப்பளத்தில் சேர்ந்து இருபது வருடம்.

நவம்பர் 10, ஞாயிறு

ஒன்றும் இல்லை.

நவம்பர் 13, புதன்

நல்ல மழை. காலை பத்து மணிக்கு ஒரு துண்டு, மாலையில் ஒரு துண்டு. இரண்டும் கட்டில் மேல். கட்டிலை நகர்த்தலாம் என்று பிடித்தேன். அங்கேயே இருக்கட்டும் என்று விட்டேன்.

அவளுக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்து எட்டு மாதம் அந்தக் கட்டிலில் கிடந்தாள். வாய் கோணிவிட்டது. பேசினால் எனக்கும் முத்துச்செல்விக்கும்தான் புரியும். மாசியில் முதல் துண்டு விழுந்தது, அவள் காலுக்குப் பக்கத்தில். அதிலிருந்து, "தம்பியக் கூப்பிட்டு இந்தத் தளத்தப் பாக்கச் சொல்லுங்களேன்" என்று கேட்க ஆரம்பித்தாள். ஐந்தோ ஆறோ முறை கேட்டிருப்பாள். வேறு கொத்தனாரைக் கூப்பிடுகிறேன் என்றேன். அவன் பார்த்தால்தான் தெரியும் என்றாள். தளம் விழுந்துவிடும் என்று பயப்படுகிறாள் என்று நினைத்தேன். கட்டிலை இந்தப் பக்கம் தள்ளிப் போட்டேன். "இனி விழாது" என்றேன்.

அதற்குப் பிறகு கேட்கவில்லை.

நவம்பர் 16, சனி

சிலிண்டர் தீர்ந்தது.

நவம்பர் 20, புதன்

முத்தையாபுரம் போனேன். டவுன் பஸ். லிங்கதுரையின் வீடு எனக்குத் தெரியும். அவன் கட்டும்போது போயிருக்கிறேன். நம் வீட்டுத் தளம் போட்ட அதே வருடம், இரண்டு மாதம் கழித்து அவன் தன் வீட்டுக்குத் தளம் போட்டான்.

முன்னறையில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். தலை முழுக்க நரைத்துவிட்டது. ஒரு கண் ஆபரேஷன் செய்து கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தான்.

"வாங்கத்தான். ஒக்காருங்க." நேற்றுப் பார்த்தவனிடம் சொல்வது போலச் சொன்னான்.

உட்கார்ந்தேன். அண்ணாந்து பார்த்தேன். விரிசல் இல்லை. கறை இல்லை. நான் பார்ப்பதை அவன் பார்த்தான்.

"தளத்த இடிக்கலாம்னு இருக்கேன்."

"ம்."

"ஒட்டுப்போட்டா நிக்காதாம். என்ஜினியர் புள்ள சொல்லுது."

"ம்."

"நீதான் போடணும்."

"நான் சிமெண்டத் தின்னவனாச்சே அத்தான். ஊர் பூராச் சொன்னியளே. மூணு வருஷம் எனக்கு ஒருத்தனும் வேலை தரல."

"சிமெண்ட் சரியாத்தான் இருக்காம். பரிசோதிச்சுப் பாத்தாச்சு."

"ஓ. பரிசோதிச்சாச்சா." பேப்பரை மடித்தான். மறுபடி விரித்து மடித்தான். வேறு காரணம் என்ன என்று கேட்பான் என்று நினைத்தேன். கேட்கவில்லை. வேறொன்று கேட்டான்.

"சேவியர் அண்ணன்கிட்ட கோடி குடுத்துவிட்டேனே. அக்காவுக்குப் போத்துனியளா?"

அவனுக்கு யாரும் சொல்லவில்லை. நாலு மாதமாகத் தெரியாமல் இருந்திருக்கிறான். போர்த்தினோம் என்று சொல்லியிருந்தால் தெரியவே போவதில்லை. முகம் பார்க்க முடியாத தூரத்தில்தான் அன்றைக்கு நின்றான்.

"இல்ல" என்றேன்.

கைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தான். சிமெண்ட் தின்ற விரல்கள், நகம் எல்லாம் தேய்ந்தவை. பிறகு எழுந்து உள்ளே போனான். தண்ணீர் கொண்டுவரப் போகிறான் என்று நினைத்தேன். வரவில்லை. கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அவன் வீட்டுக் கடிகாரம் இரண்டு நிமிடம் வேகமாக ஓடுகிறது. எழுந்து பஸ்ஸுக்கு வந்துவிட்டேன்.

நவம்பர் 21, வியாழன்

மழை. வாளி இரண்டு முறை நிறைந்தது.

நவம்பர் 27, புதன்

முத்துச்செல்வி போன் செய்தாள். மாமா பேசினாராம். என்ன பேசினான் என்று கேட்கவில்லை. அவளாகவும் சொல்லவில்லை. வேறொன்று சொன்னாள்.

"அம்மா ஞாயித்துக்கெழம சேவியர் மாமா வீட்டுக்குப் போவாள்ல, அந்த வீட்டு போன்லதான் லிங்கதுரை மாமாகிட்டப் பேசுவா. கெடையில விழுற வரைக்கும். தெரியுமாப்பா?"

"தெரியும்" என்றேன்.

தெரியாது.

டிசம்பர் 2, திங்கள்

வேறொரு கொத்தனார் வந்து பார்த்தான். ஒட்டுப்போட்டுத் தருகிறேன், பத்து வருடம் அசையாது என்றான். பிரின்சியின் தாள்களைக் காட்டினேன். "அவுக அப்படித்தான் எழுதுவாக அண்ணாச்சி" என்றான். அனுப்பிவிட்டேன். இடிப்பது என்று முடிவு. யாரை வைத்துப் போடுவது என்று முடிவு செய்யவில்லை.

டிசம்பர் 8, ஞாயிறு

மழை விட்டிருக்கிறது. காலை ஒன்பது மணிக்கு லிங்கதுரை வந்தான். சைக்கிளைச் சேவியர் வீட்டுச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து கேட்டுக்கு வெளியே நின்றான். ஆடியில் நின்ற அதே இடம்.

நான் உள்ளேயிருந்து, "கேட்டு தொறந்துதான் கெடக்கு" என்றேன்.

"தெரியுது."

நின்றுகொண்டே இருந்தான். சேவியர் தன் வராந்தாவில் பேப்பரை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டிருந்தார். ஒரு பக்கத்தையும் அவர் திருப்பவில்லை. நான் கேட் வரைக்கும் போனேன்.

"உள்ள வா."

வந்தான். செருப்பை வெளியிலேயே விட்டான். பின்னறைக்கு நேராகப் போனான். தளத்தைப் பார்த்தான், கம்பியைத் தொட்டான். அது விரலோடு உதிர்ந்து வந்தது. பிறகு கட்டிலைப் பார்த்தான். அதன் மேல் கிடந்த காரையை ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே வைத்தான். துண்டால் தட்டிவிட்டான். கட்டிலின் ஓரத்தில் கொஞ்ச நேரம் கையை வைத்திருந்தான். நான் கூடத்துக்கு வந்துவிட்டேன்.

வெளியே வந்து, "அந்தச் சேலைய எங்கிட்டத் தாங்க" என்றான்.

"கறை இருக்கு."

"இருக்கட்டும். ஆடியில தெவசத்துக்குக் கொண்டுவாரேன். அன்னைக்குக் கும்பிடும்போது வச்சிட்டு, பெறவு கடல்ல விட்டுருவோம்."

கொடுத்தேன். பையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, தை பிறந்ததும் இடிக்கலாம், ஆட்களை அவனே கூட்டிவருவான் என்று சொன்னான். டீ குடித்தான். சர்க்கரை வேண்டாம் என்றான். அவனுக்குச் சர்க்கரை வியாதி வந்து எட்டு வருடம் ஆகிறதாம்.

இன்னொன்றும் எழுதியாக வேண்டும். போகும்போது கிணற்றைத் தாண்டித்தான் போனான். அதைப் பார்க்கவில்லை.

ஜனவரி 19, ஞாயிறு

டைரி முடிந்துவிட்டது. முத்துச்செல்வி புதிதாக ஒன்று அனுப்பினாள். இதில் கிழமைகள் சரியாக இருக்கின்றன.

சாமான்களைச் சேவியர் வீட்டில் ஏற்றினோம். நானும் அங்கேதான். இன்று இடிக்கத் தொடங்கினார்கள். பின்னறைத் தளம் முதலில் இறங்கியது. நினைத்ததைவிடச் சீக்கிரம். கம்பிகளை ஒருவன் கையாலேயே ஒடித்துப் போட்டான்.

"எந்தக் கொத்தன் போட்டாண்ணே இந்தத் தளத்த?" என்று லிங்கதுரையிடம் கேட்டான்.

"நான்தாம்ல" என்றான் லிங்கதுரை.

அந்த ஆள் திகைத்துப் போய் வேலையைப் பார்த்தான். லிங்கதுரை மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை. நான் பத்தடி தூரத்தில்தான் நின்றேன். நானும் சொல்லவில்லை.

பிப்ரவரி 9, ஞாயிறு

தளம் போட்டாயிற்று. இருபத்து மூன்று ஆட்கள். இப்போது கலவை மெஷின் இருக்கிறது. இருந்தும் இத்தனை பேர்.

காலை ஆறரைக்குத் தண்ணீர் லாரி வந்தது. நான்தான் சொல்லி வைத்தேன். முந்தின நாள் இரண்டு முறை போன் செய்தேன். பிரின்சி வந்திருந்தாள். கம்பிகளை டேப் வைத்து அளந்து, "சூப்பர் அங்கிள்" என்றாள். "அங்க சொல்லு" என்று லிங்கதுரையைக் காட்டினேன்.

டிரம்மில் தண்ணீர் நிறைந்தது. மெஷினைப் போடும் முன் லிங்கதுரை ஒரு டம்ளர் கேட்டான். சேவியர் வீட்டிலிருந்து எவர்சில்வர் டம்ளர் வந்தது. டிரம்மில் மொண்டான். வாயில் வைக்கப் போகிறான் என்று நினைத்தேன். என்னிடம் நீட்டினான்.

"நீங்க பாத்துச் சொல்லுங்கத்தான்."

மெஷின்காரன் சுவிட்சில் கை வைத்துக் காத்திருந்தான். இருபத்து மூன்று பேரும் பார்த்தார்கள். பிரின்சி பார்த்தாள். சேவியர் இந்த முறை பேப்பர் எதுவும் பிடித்திருக்கவில்லை.

வாயில் வைத்தேன். துப்பவில்லை. விழுங்கினேன். டம்ளரில் இருந்தது முழுதும் குடித்தேன்.

"நல்ல தண்ணி" என்றேன். அவன் கையை நீட்டி டம்ளரை வாங்கவில்லை. அப்படியே நின்றான். எல்லாருக்கும் கேட்கும்படி, "நம்ம கிணத்துத் தண்ணி இப்பிடி இல்ல. அன்னைக்கும் இப்பிடி இல்ல" என்றேன்.

டம்ளரை வாங்கிக்கொண்டான்.

"மெஷினப் போடுல" என்றான்.

பகல் இரண்டு மணிக்கு முடிந்தது. மோர் கொடுக்க ஆள் இல்லை. சேவியரின் மனைவி கரைத்துக் கொடுத்தார்.

மாலையில் கிணற்று மோட்டாரின் வயரைக் கழற்றிச் சுருட்டி வைத்தேன். நாளையிலிருந்து இருபத்தோரு நாள் மேலே தண்ணீர் நிறுத்த வேண்டும். ஒன்று விட்டு ஒரு நாள் லாரி வரும். பாத்தி கட்ட நானே போதும் என்றேன். "ஒங்களுக்கு முட்டி ஏறாது, நான் தெனமும் வாரேன்" என்றான் லிங்கதுரை. வேண்டாம் என்று சொல்லவில்லை.

கேன்காரனிடம் இனி வாரம் இரண்டு என்று சொல்ல வேண்டும்.